தூண்டிலை விட்டுவிட்டால் நாவல் முடியுமா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வயது 38. அரசு அலுவலகம் ஒன்றில் கணக்கர். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. எட்டாவது படிக்கும் மகள், நாலாவது படிக்கும் மகன். பத்து வருடமாகச் சிறுகதை எழுதுகிறார், ஒரு தொகுப்பும் வந்திருக்கிறது. அதைப் படித்த ஒரு பதிப்பாளர், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கொண்டுவர ஒரு நாவல் கேட்டிருக்கிறார். ஆறு அத்தியாயம் மளமளவென்று வந்துவிட்டது. ஏழாவதில் நின்று ஐந்து மாதம் ஆகிறது. பன்னிரண்டு வருடம் பேசாமல் இருந்த அண்ணனும் தம்பியும் அப்பாவின் காரியத்தன்று நேருக்கு நேர் வர வேண்டிய இடம் அது. "பேச வைத்துப் பார்த்தேன், சண்டை போட வைத்துப் பார்த்தேன், அழ வைத்தும் பார்த்தேன். எல்லாம் பொய்யாக இருக்கிறது" என்கிறார்.

இவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு உப்பனாற்றங்கரைக்குப் போய் எட்டு மணி வரை தூண்டில் போடுவார். அப்பா காலத்திலிருந்து வரும் பழக்கம். நாவல் நின்றதும் எல்லார் கண்ணும் தூண்டில் மேல் விழுந்திருக்கிறது. இவர் மதிக்கும் மூத்த எழுத்தாளர் ஒருவர், "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு நின்னா எழுத்து வராது தம்பி" என்று சொல்லிவிட்டார். மனைவி, "நாவல் எழுதணும்னு வீட்டு வேலை எதுக்கும் வர்றதில்ல, மீன் பிடிக்க மட்டும் நேரம் இருக்குது" என்கிறார். தூண்டில் போடுவதற்கு நியாயம் கற்பிக்க இவரும் இரண்டு வழி பார்த்திருக்கிறார். நாவலுக்குக் குறிப்பு எடுக்கலாம் என்று கரைக்கு நோட்டுப் புத்தகம் கொண்டுபோனார். அப்புறம் அக்கா மகன் சொன்னான் என்று மீன் பிடிப்பதைப் போனில் எடுத்து யூடியூபில் போட்டார். இப்போது, ஜனவரி வரைக்குமாவது தூண்டிலைப் பரணில் போட்டுவிடலாமா என்று கேட்கிறார். கடைசியில் ஒரு துணைக் கேள்வியும் உண்டு: மகன் தானும் வருகிறேன் என்று அடம்பிடிக்கிறான், கூட்டிப் போகலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: தூண்டிலை விட வேண்டாம். ஆனால் ஐந்து மாதமாக அதன் தலையில் நீங்கள் ஏற்றி வைத்திருக்கும் சுமையை இறக்க வேண்டும். இதோடு, நீங்கள் கேள்வியாகக் கேட்காத இரண்டு விஷயங்களையும் நான் பேசியாக வேண்டும். ஒன்று உங்கள் தூக்கம். இன்னொன்று உங்கள் மனைவியின் ஞாயிற்றுக்கிழமை.

முதலில் தூக்கம்

நாலாம் பக்கத்தில் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள்: "இப்போது ஒரு மாதமாகத் தூண்டிலிலும் மனசு ஒட்டவில்லை, ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது." மனநல ஆலோசகராக என் கண் நின்ற இடம் இதுதான். எழுத்து வராமல் போவது எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் வருவது. இத்தனை காலம் பிடித்திருந்த ஒன்றில் பிடிப்பு அற்றுப்போவதை அப்படி விட்டுவிட முடியாது. மனச்சோர்வைக் கண்டறியும்போது மருத்துவர்கள் முக்கியமாகப் பார்ப்பது இரண்டு: நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடக்கிறதா, முன்பு சந்தோஷம் தந்தவற்றில் நாட்டம் போய்விட்டதா. இந்த இரண்டில் ஒன்றாவது இருந்து, கூடவே தூக்கக் கேடு, பசி மாற்றம், களைப்பு, கவனம் சிதறுவது, தன்னைத் தானே உதவாக்கரை என்று நினைப்பது போன்றவையும் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அதை எழுத்தாளருக்கு வரும் முடக்கம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

உங்களுக்கு மனச்சோர்வுதான் என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. தூண்டில் கசந்துபோனதற்கு வேறொரு எளிய காரணமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனாலும் அந்த மூன்று மணி முழிப்பு இன்னும் தொடர்கிறது என்றால், இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். புதுச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து ஒரு பேருந்துப் பயணம்தான். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி-மானஸ், எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. வாழவே வேண்டாம் என்று சொல்கிற எண்ணங்கள் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.

உண்மையிலேயே நேரம்தான் பற்றவில்லையா?

'பொழுதுபோக்கு' என்ற சொல்லின் மேல் எனக்கு நெடுநாளாக ஒரு வருத்தம் உண்டு. பொழுதைப் போக்குவது என்று சொல்லிவிட்டால், வேலை வெட்டி இல்லாதவன் செய்வது என்ற அர்த்தமும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. திண்ணையில் சீட்டாடுவதற்கும், முப்பது வருடமாகக் கையும் கண்ணும் பழகிய ஒரு வித்தைக்கும் ஒரே சொல். நீங்கள் கடிதம் முழுக்க மன்னிப்புக் கேட்கும் குரலில் எழுதியிருப்பதில் இந்தச் சொல்லுக்கும் பங்கு உண்டு.

அந்த மூத்த எழுத்தாளர் அக்கறையில்தான் சொல்லியிருக்கிறார். எழுத்தைத் தவமாக எடுத்துக்கொண்டு எவ்வளவோ இழந்த தலைமுறை அவருடையது. ஆனால் அவர் போடும் கணக்கு, தூண்டிலில் கழித்த நேரத்தை நாவலில் கூட்டிவிடலாம் என்பது. நீங்கள் கணக்கர். நீங்களே போட்டுப் பாருங்கள். ஞாயிறுக்கு மூன்று மணி நேரம் என்றால் ஐந்து மாதத்தில் 22 ஞாயிறு, 66 மணி நேரம். வார நாள்களில் தினமும் இரவு ஒன்பது முதல் பதினொன்று வரை லேப்டாப் முன்னால் உட்காருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது வாரத்துக்குப் பத்து மணி, ஐந்து மாதத்துக்கு 220 மணி நேரம். அந்த 220 மணி நேரத்தில் வராத அத்தியாயம் இன்னொரு 66 மணி நேரத்தைக் கூட்டினால் வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. உங்களுக்கு நேரப் பஞ்சம் இல்லை. உட்கார்ந்த நேரத்தில் மனம் அடைத்துக்கொள்கிறது. தூண்டிலைப் பரணில் போட்டால், திங்கள் முதல் வெள்ளி வரை நடக்கும் அதே மல்லுக்கட்டு ஞாயிற்றுக்கிழமையும் நடக்கும், அவ்வளவுதான்.

தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது

கிரஹாம் வாலஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் 1926இல் படைப்பு வேலையை நான்கு கட்டமாகப் பிரித்துச் சொன்னார். முட்டி மோதித் தயாராவது, விட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பது, திடீரென்று வெளிச்சம் வருவது, வந்ததைச் சரிபார்த்து ஒழுங்கு செய்வது. இதில் இரண்டாவதை அவர் அடைகாப்பது என்றார். கோழி முட்டை மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரிதான் தெரியும்.

இது உண்மைதானா என்று சோதித்த 117 ஆய்வுகளை ஒன்றாக வைத்து 2009இல் இரண்டு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். இடைவெளி விட்டுத் திரும்புவது பொதுவாக உதவுகிறது என்று தெரிந்தது. சில வகைச் சிக்கல்களில், சும்மா ஓய்வெடுப்பதைவிட, மூளையை அதிகம் கசக்காத ஒரு வேலையில் இருப்பது நல்லது என்றும் தெரிந்தது. தூண்டில் அந்த இனம். கண் தண்ணீரில் மிதக்கும் தக்கையில் இருக்கும், விரல் தூண்டில் நரம்பைத் தொட்டிருக்கும். மீதி மனம் அதன் போக்கில் அலையும். அப்படி அலைவதால்தான் யோசனை பிறக்கிறது என்று கலிபோர்னியாவில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு சொல்லப் போய் அது பெரிய பேச்சானது. பின்னால் செய்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. ஆகவே இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல், ஒரு நல்ல துணையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, வாலஸ் சொன்ன வரிசையை மறக்கக் கூடாது. அடைகாக்க முட்டை வேண்டும். முட்டி மோதாமல் ஆற்றங்கரைக்குப் போனால் மீன்தான் கிடைக்கும். அதனால் சனிக்கிழமை இரவு ஒரு மணி நேரம் ஏழாம் அத்தியாயத்தோடு உட்காருங்கள். அழகாக எழுத வேண்டாம். எங்கே இடிக்கிறது என்பதை மட்டும் ஒரு கேள்வியாக, ஒரே வரியில் எழுதி மூடிவையுங்கள். ஞாயிறு காலை ஆற்றுக்குப் போங்கள். அங்கே அந்தக் கேள்வியைத் தேடாதீர்கள். திரும்பி வந்து குளித்துச் சாப்பிட்டதும், யார் வீட்டுக்கும் கிளம்புவதற்கு முன்னால், ஒரு முக்கால் மணி நேரம் எழுதுங்கள். அது குப்பையாக வந்தாலும் பரவாயில்லை.

உங்கள் கடிதத்தில் உயிரோடு இருந்த இடம்

ஆறு பக்கத்தில் நாவலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மன்னியுங்கள், அது அலுவலக அறிக்கை மாதிரி இருந்தது. ஆனால் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில், கரையில் உங்கள் பக்கத்தில் உட்காரும் பெரியவரைப் பற்றி ஐந்தே வரி எழுதியிருக்கிறீர்கள். மூன்று வருடமாக ஒரே இடத்தில் உட்காருகிறீர்கள். அவர் உங்கள் பெயரைக் கேட்டதில்லை, நீங்களும் கேட்டதில்லை. "இன்னிக்கு வாடை, ஒண்ணும் கடிக்காது" என்பது மாதிரி ஒரு பேச்சு, அதோடு சரி. சித்திரை மாதம் ஒருநாள் வெயில் ஏறியபோது, தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்காமலே தன் பக்கெட்டை ஒரு முழம் தள்ளி வைத்தார். அந்த ஒரு முழத்தில் பூவரச மர நிழல் உங்கள் மேல் விழுந்தது.

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். நான் இலக்கிய விமர்சகன் இல்லை. ஆனால் பன்னிரண்டு வருடம் பேசாத அண்ணன் தம்பியைப் பேச வைத்தும், சண்டை போட வைத்தும், அழ வைத்தும் பார்த்தேன் என்று எழுதிய அதே கைதான் இந்த ஐந்து வரியையும் எழுதியிருக்கிறது. இரண்டு ஆண்கள் பேசாமல் ஒருவருக்கொருவர் இடம் கொடுப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. லேப்டாப் முன்னால் உட்கார்ந்து அது தெரியவில்லை. எதையும் தேடாமல், மூன்று வருடம் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்ததால் தெரிந்தது.

பொழுதுபோக்கு எழுத்துக்கு என்ன தரும் என்று கேட்டால், பெரும்பாலோர் 'விஷயம் கிடைக்கும்' என்பார்கள். மீன் பிடிக்கிறவர் மீனவர் கதை எழுதலாம், தோட்டம் போடுகிறவர் செடியைப் பற்றி எழுதலாம் என்று. நீங்களும் அப்படித்தான் நினைத்து நோட்டைக் கொண்டுபோயிருக்கிறீர்கள். நான் பார்த்தவரைக்கும் விஷயம் கிடைப்பது அதில் சின்னப் பங்குதான். மடவை கொத்துவதற்கும் கெளுத்தி இழுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை விரல் நுனியில் தெரிந்துவைத்திருக்கிற ஒருவருக்கு, மனிதர்கள் இழுப்பதிலும் விடுவதிலும் உள்ள வித்தியாசமும் பிடிபடத் தொடங்கும். ஏத்தம் (நீர் ஏறுவது), வத்தம் (நீர் இறங்குவது), காற்றுக்குக் கொண்டல், கச்சான் என்று அகராதியில் படிக்காத சொற்கள் காதில் விழும். அங்கே உங்களை யாரும் எழுத்தாளர் என்று பார்ப்பதில்லை. மீன் கிடைக்காத நாளில் வெறும் கையோடு எழுந்து வரப் பழகியிருக்கிறீர்கள், அதற்காகக் கூனிக் குறுகியதில்லை. எழுதும் மேஜையில் வெறும் கையோடு எழுந்தால் மட்டும் ஏன் இரவெல்லாம் தூக்கம் வருவதில்லை? இந்தக் கேள்வியை ஒருநாள் நிதானமாக நினைத்துப் பாருங்கள்.

தன் ஈடுபாட்டைத் தனியாக மதித்து வைத்திருந்த எழுத்தாளர்கள் நிறையப் பேர் உண்டு. நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம்: கி. ராஜநாராயணன் கோவில்பட்டி பக்கத்து இடைசெவல்காரர். கடைசி முப்பது வருடம் புதுச்சேரியில் வாழ்ந்து 2021 மே மாதம் இங்கேதான் காலமானார். சங்கீதத்தில் தீராத பித்து. கரிசல் காட்டு ஜனங்கள் வாயிலிருந்து சொற்களையும் நாட்டுப்புறக் கதைகளையும் பொறுக்கிச் சேர்ப்பதில் அதைவிடப் பெரிய பித்து. சேர்த்த சொற்கள் ஒரு வட்டார வழக்கு அகராதியாகவே ஆயின. அவர் உரைநடையில் அந்தப் பேச்சின் ஓசை இருக்கிறது. ஆனால் ஒரு கதைக்கு உதவும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு யாரும் ஓர் அகராதியைத் தொகுக்க மாட்டார்கள்.

தூரத்தில் இன்னொருவர், நாவலாசிரியர் விளாதிமிர் நபகோவ். 1940களில் ஹார்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் பட்டாம்பூச்சிகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்கக் கண்டத்தின் ஒருவகை நீலப் பட்டாம்பூச்சிகள் ஆசியாவிலிருந்து ஐந்து அலையாக வந்தவை என்று 1945இல் எழுதினார். அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2011இல் மரபணுவைச் சோதித்துப் பார்த்து, அவர் சொன்னது சரி என்றார்கள். அதை அவர் அத்தனை சிரத்தையாகச் செய்தார். நாவலுக்கு அது வேலைக்காரனாக இருக்கவில்லை.

எங்கே கெட்டுப்போனது

இப்போது அந்த எளிய காரணத்துக்கு வருகிறேன். தூண்டில் கசக்கத் தொடங்கியது ஒரு மாதமாக என்று எழுதியிருக்கிறீர்கள். யூடியூப் ஆரம்பித்தது அதற்குச் சற்று முன்னால். நோட்டுப் புத்தகம் அதற்கும் முன்னால். தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் நடந்த ஒரு சோதனை 1973இல் வெளியானது. ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் தானாகவே ஆசை கொண்ட பிள்ளைகள். அவர்களில் ஒரு பகுதியினரிடம், 'வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். வரைந்தார்கள், சான்றிதழும் வாங்கினார்கள். கொஞ்ச நாள் கழித்து, விளையாட்டு நேரத்தில் பேனாக்களைச் சும்மா வைத்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் மட்டும் மற்றவர்களைவிட வெகுவாகக் குறைவாகவே வரைந்தார்கள். முன்னால் சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளுக்கும், ஒன்றுமே வாங்காத பிள்ளைகளுக்கும் ஆசை குறையவில்லை. ஒன்றைத் தனக்காகச் செய்வதை விட்டு வேறொன்றுக்காகச் செய்ய ஆரம்பித்தால், அந்த வேறொன்று மனதில் உட்கார்ந்துகொள்கிறது.

உங்களுக்கும் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். தக்கையைப் பார்க்க வேண்டிய கண், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று போனைப் பார்க்கிறது. பெரியவர் பக்கெட்டை நகர்த்தியதை, அது நடந்துகொண்டிருக்கும்போதே, நாவலுக்கு ஆகுமா என்று எடைபோடுகிறது. அலுவலகத்திலும் கணக்கு, மேஜையிலும் கணக்கு, கடைசியில் கரையிலும் கணக்கு.

ஆகவே யூடியூபை நிறுத்துங்கள். அக்கா மகன் வருத்தப்படுவான், பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். நாவல் நோட்டு கரைக்கு வர வேண்டாம். எழுதாமல் கை நமநமக்கிறது என்றால், வீட்டுக்கு வந்த பிறகு ஒரு தனி நோட்டில் தூண்டில்காரனின் கணக்கை மட்டும் எழுதுங்கள்: தேதி, ஏத்தமா வத்தமா, காற்று எந்தப் பக்கம், என்ன இரை, என்ன விழுந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள். உவமை, வருணனை எதுவும் வேண்டாம். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 தொடங்கி 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். வியாபாரி, பிறகு பிரெஞ்சு ஆளுநரின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர். எந்தக் கப்பல் வந்தது, யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று தன் போக்கில் எழுதி வைத்ததுதான். பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் பேச்சும் வாழ்க்கையும் இன்று நமக்குத் தெரிவது அந்தக் கணக்கால்.

இதில் உள்ள ஆபத்தும் உண்டு

விருப்பமான வேலை சில சமயம் ஒளிந்துகொள்ளும் இடமாகவும் மாறிவிடும். ஒருநாள் நாவல் சரியாக வரவில்லை என்றதும் புதன்கிழமை சாயங்காலமும் தூண்டிலைத் தூக்குவது, புது நரம்பு, புது முள், புது ரீல் என்று ஆன்லைனில் தேடியே இரவு ஒன்பது மணியைக் கழிப்பது, இப்படி. திரும்பி வரும்போது மனம் லேசாக இருக்கிறதா, இன்னும் பயமாக இருக்கிறதா என்று பாருங்கள். பயம் கூடியிருந்தால் அன்றைக்கு நீங்கள் மீன் பிடிக்கப் போகவில்லை, ஓடிப்போயிருக்கிறீர்கள். ஞாயிறு மூன்று மணி நேரம் என்ற இப்போதைய அளவு நல்ல அளவு. அதைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

ஜனவரியைப் பற்றி ஒரு வார்த்தை. பதிப்பாளரிடம் மறைக்காதீர்கள். டிசம்பரில் கைவிரிப்பதைவிட இப்போதே போன் போட்டு, 'ஆறு அத்தியாயம் தயார், ஏழில் நிற்கிறேன், அடுத்த காட்சிக்குத் தள்ளலாமா' என்று கேட்டுவிடுங்கள். முடியாது என்று அவர் சொன்னால் அதுவும் ஒரு தகவல்தான். ஏழை அப்படியே விட்டுவிட்டு எட்டாம் அத்தியாயத்துக்குத் தாவவும் யாரும் தடை சொல்லவில்லை.

வீட்டுக்காரம்மாவின் மூன்று மணி நேரம்

மனைவி சொன்னதைப் 'புரிந்துகொள்ளாத பேச்சு' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது முழுக்கப் புரிகிற பேச்சாகத்தான் பட்டது. அவரும் வேலைக்குப் போகிறவர். வார நாள் இரவு ஒன்பது மணிக்கு நீங்கள் நாவலோடு உட்காரும்போது பாத்திரம் யார் தேய்க்கிறார்கள்? ஞாயிறு காலை நீங்கள் மீனோடு வந்தால் அதை ஆய்ந்து குழம்பு வைப்பது யார்? கடிதத்தில் அது இல்லை. அவருக்கு என்ன பிடிக்கும் என்பதும் ஆறு பக்கத்தில் எங்கேயும் இல்லை.

உங்கள் தூண்டிலுக்கு அவர் எதிரி என்று எனக்குத் தோன்றவில்லை. 'எனக்கு மட்டும் அப்படி ஒரு ஆற்றங்கரை ஏன் இல்லை' என்பது அந்தப் பேச்சின் உள்ளே இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். வாரத்தில் ஏதாவது மூன்று மணி நேரத்தை அவருக்கென்று ஒதுக்கி, அந்த நேரத்தில் வீடும் பிள்ளைகளும் முழுக்க உங்கள் பொறுப்பு என்று சொல்லுங்கள். அதில் அவர் பாட்டு கற்றுக்கொள்ளலாம், சிநேகிதியோடு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்வரலாம், சும்மா படுத்தும் தூங்கலாம். என்ன செய்தார் என்று கேட்காதீர்கள். மீனை நீங்களே ஆய்ந்து கொடுங்கள். இதைச் செய்யாமல் நான் மேலே சொன்ன மற்றதை மட்டும் செய்தால், சனிக்கிழமை ஒரு மணி, ஞாயிறு முக்கால் மணி என்று அவர் தலையில் இன்னும் கொஞ்சம் ஏற்றி வைத்தவன் ஆவேன் நான்.

மகன் வரலாமா?

வரட்டும். ஆனால் எல்லா ஞாயிறும் வேண்டாம், மாதத்தில் ஒன்று. அன்றைக்கு மனம் அலையும், யோசனை வரும் என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். அது அவனுடைய ஞாயிறு. ஒன்பது வயதுப் பையன் இருபது நிமிடத்துக்கு மேல் பேசாமல் உட்கார மாட்டான், கல்லெறிவான், மீன் ஓடிவிடும். எல்லாம் சரிதான். மகளையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவள் வர விரும்புகிறாளா என்று நீங்கள் எழுதவே இல்லை.

மழைக்காலத்தில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் பிள்ளைகளோடு மட்டுமல்ல, தனியாகவும் ஆற்றுப் பக்கம் போகாதீர்கள். பையனுக்கு உங்கள் தூண்டிலைக் கொடுக்காமல், சின்ன முள்ளாகப் போட்டு ஒரு மூங்கில் தூண்டில் தனியாகக் கட்டிக் கொடுங்கள். கெளுத்தி விழுந்தால் முள்ளிலிருந்து கழற்றுவது உங்கள் வேலை, அவன் தொட வேண்டாம். தப்பித் தவறிக் குத்திவிட்டால், உங்கள் கையை விட்டுச் சூடு பார்த்துவிட்டு, பொறுக்கக்கூடிய வெந்நீரில் அரை மணி நேரமாவது அவன் கையை வைத்திருங்கள், வலி இறங்கும். முள் உள்ளே ஒடிந்திருந்தாலோ வீக்கம் கூடினாலோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அந்தப் பெரியவருக்குப் பக்கத்தில், பூவரச நிழல் விழும் பக்கமாக அவனை உட்கார வையுங்கள்.

அன்புடன்,
மனநல ஆலோசகர், புதுச்சேரி